மயக்க மருந்தின் அளவு: மூலக்கூறு மட்டும் போதுமா?

மயக்க மருந்துகளைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்படும் அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன. முதலில் மருந்தின் பெயர் வரும். பிறகு அதன் வேதியியல் அமைப்பும், மூளையில் அது எந்த ஏற்பியின் மீது செயற்படுகிறது என்பதும் வரும். அதன்பின், உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இடம் மிஞ்சினால், 'இம்மருந்து எண்ணெய்க் கலவையாகக் கிடைக்கிறது' என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கப்படும்.

இந்த வரிசையில் ஒரு பிழையான கருத்து மறைந்திருக்கிறது. மருந்து என்றால் அதன் மூலக்கூறு என்றும், அத்துடன் குப்பியில் இருக்கும் மற்றவை வெறும் துணைப்பொருள்கள் என்றும் வாசகர் எண்ணிவிடுகிறார். கிலோகிராமுக்கு 2 மில்லிகிராம் என்ற எண், தங்கத்தின் அடர்த்தியைப்போல, அந்த மூலக்கூறுக்கே உரிய மாறாத பண்பு என்ற எண்ணமும் எழுகிறது. உண்மையில் அந்த எண், மூலக்கூறு, அது கலக்கப்பட்டுள்ள வடிவம், அதை ஏற்றுக்கொள்ளும் நோயாளி ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் எண்ணாகும். இன்று அறுவை மருத்துவத்தில் மிகுதியாகப் பயன்படும் புரோபோஃபால் என்ற மருந்தை எடுத்துக்கொண்டு, இதைச் சிறிது விரிவாகக் காண்போம்.

எண்ணூறு மில்லிலிட்டர் தண்ணீர்

புரோபோஃபால் எளிய மூலக்கூறு. ஃபீனால் வளையத்தின் இருபுறமும் இரண்டு ஐசோபுரோப்பைல் தொகுதிகளை இணைத்தால் அது கிடைக்கும். இதன் மூலக்கூறு எடை 178. ஏறக்குறைய 18 டிகிரி செல்சியசில் உருகிவிடுவதால், நம் ஊர் வெப்பநிலையில் இது வெளிர் மஞ்சள் நிற எண்ணெயாகவே இருக்கும்.

இந்த எண்ணெய் தண்ணீரில் மிக மிகக் குறைவாகவே கரைகிறது. ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் 0.15 மில்லிகிராம்தான் கரையும். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். உடல்நலமுள்ள, நடுவயதுக்குட்பட்ட ஒருவருக்கு மயக்கத்தைத் தொடங்க கிலோகிராமுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை புரோபோஃபால் தேவைப்படுகிறது. எடை 60 கிலோகிராம் என்றால் குறைந்தது 120 மில்லிகிராம். இதை வெறும் நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டுமானால் 800 மில்லிலிட்டர் நீர் வேண்டும். உடலில் இருக்கும் இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு நீரை அரை நிமிடத்தில் சிரைக்குள் செலுத்துவது எங்ஙனம்?

ஆகவே, மூலக்கூறு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், அதை இரத்தத்திற்குள் கொண்டுசெல்ல ஒரு வழி கண்டுபிடிக்கப்படும் வரை அது மருந்தாகாது. இந்த வழிதான் மருந்தின் தயாரிப்பு வடிவம். இதை அறியாமல் புரோபோஃபாலின் வரலாற்றை எழுத முடியாது.

ஆமணக்கெண்ணெயில் தொடங்கிய சிக்கல்

இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1973இல் இம்மூலக்கூறின் மயக்கும் ஆற்றலை விலங்குகளிடம் கண்டறிந்தனர். மனிதரிடம் முதல் ஆய்வுகள் 1977இல் நடைபெற்றன. அப்போது புரோபோஃபாலைக் கரைக்கப் பயன்பட்டது கிரிமோஃபார் என்ற பொருள். ஆமணக்கெண்ணெயை எத்திலீன் ஆக்சைடுடன் வினைபுரியச் செய்து தயாரிக்கப்படும் இது, எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களை நீரில் கரையச் செய்யும்.

சிக்கல் இங்கேதான் வந்தது. கிரிமோஃபார் சிலரிடம் கடுமையான ஒவ்வாமை போன்ற விளைவுகளை உண்டாக்கியது. இரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சுக்குழல்கள் சுருங்கின. இதே கரைப்பானில் கிடைத்துவந்த வேறு இரு மயக்க மருந்துகளான ஆல்தெசினும் புரோப்பனிடிடும் இதே குற்றச்சாட்டுக்கு உள்ளாயின. ஆல்தெசின் 1984இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. புரோபோஃபாலின் கிரிமோஃபார் வடிவமும் கைவிடப்பட்டது.

ஐ.சி.ஐ. குழுவினர் மூலக்கூறைக் கைவிடவில்லை; கரைப்பானை மாற்றினர். சோயா எண்ணெயில் மருந்தைக் கரைத்து, அந்த எண்ணெயை நுண்துளிகளாக நீரில் மிதக்கவிட்ட பால்மம் உருவாயிற்று. அது டிப்ரிவான் என்ற பெயரில் 1986இல் பிரிட்டனிலும், 1989இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. கண்டுபிடிப்பிலிருந்து விற்பனை வரை 13 ஆண்டுகள் கடந்தன. இம்மருந்துக்காக 2018இல் கிளெனுக்கு லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. இன்று புரோபோஃபால் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இந்த வரலாறு பொதுவாக எப்படிச் சொல்லப்படுகிறது? 'முதலில் சில இடையூறுகள் தோன்றின. பின்னர் அவை களையப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த இடையூறுகளை எதிர்கொண்டவர்கள் அறுவை மேசையில் படுத்திருந்த மனிதர்கள். அவர்களை வருத்தியது மயக்கும் மூலக்கூறு அன்று. 'செயலற்றது' என்று கருதப்பட்ட துணைப்பொருள். ஆல்தெசினில் இருந்த ஆல்ஃபாக்சலோன் என்ற மூலக்கூறு பின்னர் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தினுள் அடைக்கப்பட்டு, கால்நடை மருத்துவத்தில் மறுவாழ்வு பெற்றது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரே மூலக்கூறு ஒரு வடிவில் தள்ளப்பட்டது, வேறொரு வடிவில் ஏற்கப்பட்டது.

பால்மத்திற்குள் இருக்கும் இயற்பியல்

ஒரு சதவீதப் புரோபோஃபால் பால்மத்தின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து, 100 மில்லிகிராம் சோயா எண்ணெய், முட்டை மஞ்சட்கருவிலிருந்து பெறப்படும் லெசித்தின் 12 மில்லிகிராம், கிளிசரால் 22.5 மில்லிகிராம் ஆகியவை இருக்கின்றன. லெசித்தின் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி ஒரு மெல்லிய உறையாக அமைந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுக்கிறது. பசும்பால் வெண்மையாகத் தோன்றுவதற்கான காரணம்தான் இதன் வெண்மைக்கும் காரணம். நுண்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன.

துளியின் விட்டம் சராசரியாக 0.2 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 26 லட்சம் கோடித் துளிகள் இருக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். நம் 60 கிலோகிராம் நோயாளிக்குச் செலுத்தப்படும் 12 மில்லிலிட்டரில் மேற்பரப்பு 40 சதுர மீட்டர். ஓரளவு பெரிய வகுப்பறையின் தரைப்பரப்புக்குச் சமம். இவ்வளவு பெரிய பரப்பின் வழியே மருந்து வெளியேற முடிவதால்தான், நீரில் கரையாத ஒரு பொருள் அரை நிமிடத்தில் உணர்வை இழக்கச் செய்கிறது.

துளியின் அளவு வேறொரு வகையிலும் முக்கியமானது. எண்ணெய் நீரைவிட லேசானது. எனவே துளிகள் மேலே எழ முயலும். அவ்வாறு எழும் வேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பது ஸ்டோக்ஸ் விதி. 0.2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளி ஒரு நாளைக்கு 0.15 மில்லிமீட்டர் அளவே எழும். மூலக்கூறுகளின் இடைவிடாத மோதல் அந்தச் சிறு ஏற்றத்தையும் கலைத்துவிடும். துளியின் விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்காகும். பிறகு மேலே ஆடை படியும், துளிகள் ஒன்றுசேரும். நுரையீரலின் நுண்குழல்கள் சில மைக்ரோமீட்டர் விட்டமே கொண்டவை. பெருத்த துளிகள் அங்கே சிக்கிக்கொள்ளக்கூடும். சிரை வழியாகச் செலுத்தப்படும் பால்மங்களில், 5 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளிகளில் உள்ள கொழுப்பு மொத்தத்தில் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் தரநூல் வரையறுப்பது இதனால்தான்.

இன்னொரு கணக்கும் சுவையானது. எண்ணெயையும் நீரையும் ஒருங்கே வைத்தால் புரோபோஃபால் எவ்வளவு எண்ணெயில் தங்கும், எவ்வளவு நீருக்கு வரும்? ஆக்டனால் என்ற கரைப்பானைக் கொண்டு அளந்ததில் இவ்விகிதம் 6761க்கு 1 என்று தெரியவந்துள்ளது. சோயா எண்ணெய்க்கும் இதே விகிதத்தைத் தோராயமாகக் கொண்டால், பால்மத்தின் ஒரு மில்லிலிட்டர் நீரில் விடுபட்டு நிற்கும் மருந்து சுமார் 15 மைக்ரோகிராம். மொத்த மருந்தில் ஏறத்தாழ 670இல் ஒரு பங்கு. இந்தச் சிறு பங்குதான் ஊசி போடும்போது கையில் ஏற்படும் எரிச்சலுக்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்களைக் கொண்ட எண்ணெயையும் சோயா எண்ணெயுடன் கலந்து தயாரித்த பால்மங்களில் விடுபட்ட மருந்து இன்னும் குறைகிறது, வலியும் குறைகிறது. மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. எண்ணெய் மாறியதும் நோயாளியின் அனுபவம் மாறிவிட்டது.

அளவு மாறுமா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வடிவம் மாறினால் தேவைப்படும் அளவும் மாறுமா? 'மாறும்' என்றோ 'மாறாது' என்றோ ஒரே சொல்லில் விடை கூறுபவர்கள் இருவருமே தவறு செய்கிறார்கள். எந்த வடிவத்தோடு எந்த வடிவத்தை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

முதலில், ஒரு பால்மத்தையும் இன்னொரு பால்மத்தையும் ஒப்பிடுவோம். 0.1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளியின் உட்புறத்திலிருந்து ஒரு மூலக்கூறு விரவி வெளியே வர எவ்வளவு நேரமாகும்? தோராயமான கணக்கு ஆயிரத்தில் ஒரு நொடி என்ற அளவைத் தருகிறது. துளி இரத்தத்தில் கலந்து நீர்த்துப் போனதும், புரதங்களும் சிவப்பணுக்களும் மருந்தை ஈர்த்துக்கொள்கின்றன. ஆக, எண்ணெயின் வகை சற்று மாறினாலும் மருந்து வெளியேறுவதில் பெரிய தாமதம் ஏற்பட வாய்ப்பில்லை. நடுத்தரக் கொழுப்புப் பால்மங்களைப் பழைய பால்மத்தோடு ஒப்பிட்டபோது, வலியில் வேறுபாடு தெரிந்த அளவுக்கு மயக்கும் ஆற்றலில் வேறுபாடு தெரியவில்லை. இயற்பியல் எதிர்பார்ப்பதும் அதுவே.

இரண்டாவதாக, எண்ணெயே இல்லாத வடிவத்தை எடுத்துக்கொள்வோம். 1997, 1998ஆம் ஆண்டுகளில் தத்தா, எப்ளிங் ஆகிய இருவரும் எலிகளில் நடத்திய ஆய்வுகள் 'அனஸ்தீசியாலஜி' இதழில் வெளிவந்தன. எண்ணெயற்ற கரைசலாகக் கொடுத்த புரோபோஃபால் மெதுவாகவே செயற்படத் தொடங்கியது. நீண்ட நேரம் கழித்தே விலகியது. பால்மமாகக் கொடுத்தபோது குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. காரணத்தைத் தேடியபோது நுரையீரல் சிக்கியது. சிரையிலிருந்து இதயத்துக்கு வரும் இரத்தம் மூளைக்குச் செல்லும் முன் நுரையீரலைக் கடந்தாக வேண்டும். துளிகளின் பாதுகாப்பு இல்லாத புரோபோஃபாலை நுரையீரல் அதிகமாகப் பிடித்துவைத்துக்கொண்டு, பின்பு சிறிது சிறிதாக விடுவித்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் 'கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற எண்ணுக்குள் நுரையீரலும் எண்ணெயும் மறைந்திருக்கின்றன என்பதை இவ்வாய்வுகள் தெளிவாகக் காட்டின.

மூன்றாவதாக, மூலக்கூறுக்கே ஒரு பிடி போட்டு நீரில் கரையச் செய்வது. புரோபோஃபாலுடன் பாஸ்பேட் தொகுதியை இணைத்த ஃபாஸ்புரோபோஃபால் இத்தகையது. இரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை வெட்டிய பிறகே புரோபோஃபால் விடுபடும். ஒரு மில்லிகிராம் புரோபோஃபாலைப் பெற 1.86 மில்லிகிராம் ஃபாஸ்புரோபோஃபால் வேண்டும். இது மூலக்கூறு எடைகளின் விகிதம். ஆனால் மருத்துவர் இந்த விகிதத்தை வைத்துக்கொண்டு மட்டும் அளவை மாற்றிக்கொள்ள முடியாது. நொதி வேலை செய்ய நேரம் வேண்டும். எனவே செயல் தொடங்குவது சில நிமிடங்கள் தள்ளிப்போகிறது. பொறுமையிழந்து இரண்டாம் முறை மருந்து செலுத்தினால், இரண்டும் சேர்ந்து பின்னர் வேலை செய்யும். இம்மருந்துக்கு அமெரிக்காவில் 2008 டிசம்பரில், முழு மயக்கத்துக்கன்றி, அமைதிப்படுத்துவதற்காக ஒப்புதல் கிடைத்தது. அந்நாட்டுச் சந்தையில் அது நீடிக்கவில்லை.

அளவுகோல் தவறினால்

ஃபாஸ்புரோபோஃபாலின் கதையில் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு பகுதி உண்டு. பொதுவான கட்டுரைகள் இதைக் குறிப்பிடுவதே இல்லை.

2004இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை வியப்பூட்டும் முடிவொன்றைச் சொன்னது. தன்னார்வலர்களுக்கு ஃபாஸ்புரோபோஃபாலும், வேறொரு சமயம் புரோபோஃபால் பால்மமும் கொடுத்து, இரத்தத்திலுள்ள புரோபோஃபாலின் செறிவை அளந்தனர். ஃபாஸ்புரோபோஃபாலிலிருந்து விடுபட்ட புரோபோஃபால், குறைந்த செறிவிலேயே அதிக விளைவைக் காட்டுவதாகத் தோன்றியது. மூலக்கூறு ஒன்றேதான், வந்த வழி மட்டும் வேறு. அப்படியிருந்தும் வலிமை கூடியிருந்தது! எண்ணெய்த் துளிகள் மருந்தின் ஆற்றலைக் குறைக்கின்றனவோ என்ற கேள்வி எழுந்தது. தயாரிப்பு வடிவம் மருந்தின் வலிமையையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆனால் 2010இல், இரத்தத்தில் புரோபோஃபாலை அளந்த முறையே சரியானதன்று என்று தெரியவந்தது. ஆய்வாளர்களே முன்வந்து இக்கட்டுரையையும், இம்மருந்தைப் பற்றி அதே முறையால் எழுதப்பட்ட வேறு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

இதில் உள்ள தருக்கம் எளிது. வலிமை என்பது விளைவுக்கும் செறிவுக்கும் உள்ள உறவு. விளைவைச் சரியாக அளந்து, செறிவைக் குறைத்து அளந்துவிட்டால், மருந்து வலிமை மிக்கதாகத் தோன்றும். தராசு குறைத்துக் காட்டினால் ஒரு கைப்பிடி அரிசி அதிகப் பேருக்குச் சோறு போட்டதாகத் தோன்றுவதைப் போன்றது இது. அரிசியில் அதிசயம் எதுவுமில்லை. தராசைத்தான் சோதிக்க வேண்டும்.

தவறு நேர்ந்ததை அந்த ஆய்வாளர்கள் வெளிப்படையாக அறிவித்தது பாராட்டத்தக்கது. குறை கூற வேண்டியது வேறொன்றை. 'வடிவத்தால் எதுவும் மாறாது' என்ற பழைய நம்பிக்கையைப் போலவே, 'வடிவத்தால் எல்லாம் மாறும்' என்ற புதிய நம்பிக்கையும் அளவீட்டைச் சோதிக்காமல் பரவக்கூடியது. ஒரு வணிகப் பெயருள்ள தயாரிப்பு இன்னொன்றைவிட வலிமையானது என்று யாரேனும் சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எதை அளந்தார்கள்? எதனால் அளந்தார்கள்? இரு வடிவங்களிலும் ஒரே முறையால் அளந்தார்களா?

பெயர் ஒன்று, அளவு வேறு

வடிவத்தைக் கவனிக்காமல் பெயரை மட்டும் பார்ப்பதால் வரும் ஆபத்து மயக்க மருந்துகளோடு நின்றுவிடுவதில்லை. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஆம்ஃபோடெரிசின்-பி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2021இல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது நம் நாட்டுச் செய்தித்தாள்களில் நாள்தோறும் அடிபட்ட பெயர் இது. கொழுப்புக் குமிழ்களில் அடைக்கப்பட்ட வடிவத்தை நாளொன்றுக்குக் கிலோகிராமுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். பழைய, சாதாரண வடிவத்தில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற கடும் எச்சரிக்கை இருக்கிறது. தாண்டினால் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். ஒரு வடிவத்தின் சரியான அளவு மற்றொரு வடிவத்தில் உயிரைக் குடிக்கும் அளவு.

புரோபோஃபாலிலும் இதைவிட எளிய, ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு குழப்பம் உண்டு. அது 1 சதவீதப் பால்மமாகவும் 2 சதவீதப் பால்மமாகவும் கிடைக்கிறது. நீண்ட நேரம் செலுத்த வேண்டிய நோயாளிக்கு 2 சதவீதம் நல்லது. அதே மருந்துக்குப் பாதி எண்ணெயே உடலில் சேரும். ஆனால் இரண்டும் பாலைப் போலவே வெண்மையானவை. ஊசிக்குழலில் ஏற்றிவிட்டால் கண்ணால் வேறுபடுத்த முடியாது. 12 மில்லிலிட்டர் என்பது ஒன்றில் 120 மில்லிகிராம், மற்றொன்றில் 240 மில்லிகிராம். மருந்தின் பெயரை மட்டும் எழுதிய சீட்டு இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

1996இல் வந்த டிப்ரிஃப்யூசர் என்ற கருவி இவ்வகையில் முன்மாதிரியாகும். இரத்தத்தில் வேண்டிய செறிவை மருத்துவர் குறிப்பிட்டால், எந்த வேகத்தில் மருந்தைச் செலுத்த வேண்டும் என்பதைக் கணக்கிட்டு இயங்கிய பம்ப் அது. தனக்குரிய டிப்ரிவான் ஊசிக்குழல்தானா, அது 1 சதவீதமா 2 சதவீதமா என்பதை, குழலில் பொருத்திய மின்னணு அடையாளத்தின் வழியே கருவி தெரிந்துகொண்ட பிறகே வேலை செய்தது. வணிக நோக்கமும் இதில் இருந்திருக்கலாம். ஆயினும் அக்கருவியின் கணக்கு, குறிப்பிட்டதொரு தயாரிப்பைக் கொண்டு பெற்ற தரவுகளின் மேல் கட்டப்பட்டது என்ற உண்மையை அது மறைக்கவில்லை.

தயாரித்தவர் கொடுத்த வடிவம் மருத்துவமனையிலும் மாறக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். வலியைக் குறைக்க லிடோகெயினைப் பால்மத்தில் கலப்பதுண்டு. நேரம் செல்லச் செல்ல, லிடோகெயின் துளிகளின் மேலுள்ள மின்னூட்டத் தடையைக் குலைத்து அவற்றை ஒன்றுசேரச் செய்கிறது. ஆகவே கலந்தால் உடனே பயன்படுத்த வேண்டும். எண்ணெயும் லெசித்தினும் நுண்ணுயிர்களுக்கும் நல்ல உணவு. அமெரிக்காவில் 1990க்கும் 1993க்கும் இடையில் ஏழு மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் தோன்றிய தொற்றுகளை ஆராய்ந்தபோது, மாசுபட்ட புரோபோஃபாலே காரணம் என்று தெரிந்தது. தூய்மைக் குறைவான கையாளல் ஒரு பாதி. மருந்தின் உணவுத் தன்மை மறு பாதி. இதன்பின் 1996 முதல் நுண்ணுயிர் வளர்ச்சியை மந்தப்படுத்தும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் 0.005 சதவீதம் சேர்க்கப்பட்டது.

நோயாளியை மறக்கலாகாது

வடிவத்தை வலியுறுத்தும்போது, அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருப்பதை மறந்துவிடக் கூடாது. முதியவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும் தொடக்க அளவு கிலோகிராமுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராமாகக் குறைகிறது. இரத்தம் இழந்தவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும் வழக்கமான அளவே ஆபத்தாகலாம். இரு பால்மங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட இரு மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது. அதனால்தான் மயக்க மருத்துவர் எண்ணை மட்டும் நம்புவதில்லை. சிறிது சிறிதாகச் செலுத்தி, இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் கவனித்து, உணர்வு நீங்கியதும் நிறுத்துகிறார். நூலிலுள்ள எண் அவருக்குத் தொடங்கும் இடம் மட்டுமே. இம்மருந்தைப் பயிற்சி பெற்றவர்கள், மூச்சைக் காக்கும் கருவிகளோடு மட்டுமே கையாள வேண்டும் என்பதும் இதனால்தான்.

நம் நூலாசிரியர்களிடமும் அறிவியல் எழுத்தாளர்களிடமும் வேண்டுவது சிறிதே. துணைப்பொருள்களைச் 'செயலற்றவை' என்ற சொல்லால் தள்ளிவிட வேண்டாம். மருந்தின் வரலாற்றை மூலக்கூறின் வெற்றியாக மட்டும் எழுத வேண்டாம். கரைப்பான் ஏன் மாற்றப்பட்டது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளையும் சொல்லுங்கள். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறையை மாணவர்கள் வேறெங்கே கற்பார்கள்? பள்ளி வேதியியலில் கரைதிறனும், இயற்பியலில் ஸ்டோக்ஸ் விதியும் விரவலும் தனித்தனிப் பாடங்களாக நிற்கின்றன. அவை ஒரு சிறு வெண்ணிறக் குப்பிக்குள் ஒன்றுசேர்ந்து ஒரு மனிதரைப் பாதுகாப்பாக உறங்கவைக்கின்றன என்று சொன்னால், அந்த விதிகளின் பயன் மாணவருக்குத் தானே விளங்கும்.

இனி எவரேனும் 'புரோபோஃபால், கிலோகிராமுக்கு 2 மில்லிகிராம்' என்று எழுதினால், அந்த வாக்கியம் முடிவு பெறவில்லை என்று கொள்ளுங்கள். 'ஒரு சதவீதப் பால்மமாக, உடல்நலமுள்ள நடுவயதுக்குட்பட்டவருக்கு, மெதுவாக, விளைவைக் கவனித்துக்கொண்டே' என்ற சொற்களும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.